கலாபகோஸுக்குப் போகவிருந்த எட்டாவது பை

களப்பொருள் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கூடாரத்தை எப்படிக் கழுவுவது, சப்பாத்தின் அடியை எதனால் சுரண்டுவது, எதை எத்தனை நாள் உறைபெட்டியில் வைப்பது என்பதெல்லாம் சுவரில் தொங்கும் கோப்பில் இருக்கிறது. அதில் பாதி நான் எழுதியது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். இங்கே நான் எழுதப்போவது தொண்ணூறுகளின் நடுவில் நான் பிழை விட்ட ஒரு கிழமையைப் பற்றி. ஓய்வு பெற்று, ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் மகள் வீட்டில் இருக்கிறேன். இன்றைக்கும் அடுப்பை அணைத்தேனா என்று படியேறிய பிறகு மூன்று தரம் இறங்கிப் போய்ப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் அந்தக் கிழமையில் தொற்றியது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். யாழ்ப்பாணத்தில் தாவரவியல் செய்முறை வகுப்புகளில் உதவியாளராக இருந்தவள். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோ வந்து, பார்க்டேலில் தங்கை ராணியோடு ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு, ஒரு ஹோட்டலின் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தேன். ஆய்வு நிலையத்தில் ஆள் தேடியபோது என்னை எடுத்ததற்குக் காரணம், பெரிய துணிகளைக் கழுவி, காயவைத்து, ஒழுங்காக மடிக்க எனக்குத் தெரிந்திருந்ததுதான். எனக்கு விதைகளும் தெரியும் என்பதை அவர்கள் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அதன் பின் வெளிநாடு போகும் ஒவ்வொரு ஆய்வுக் குழுவின் பொருட்களையும் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை என்னிடம் வந்தது.

அந்தக் கையெழுத்து எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கிறீர்களாம். அதைச் சொல்லத் தீவுகளில் இருந்து தொடங்க வேண்டும்.

கலாபகோஸ், தென்னமெரிக்கக் கரையில் இருந்து ஆயிரம் கிலோமீற்றர் அளவு தள்ளிப் பசிபிக் கடலில் கிடக்கிறது. எல்லாம் எரிமலைத் தீவுகள். கடலடியில் இருந்து நெருப்பாக எழுந்து, ஆறி, வெறும் கருங்கல்லாக நின்றவை. எந்த நிலத்தோடும் அவை ஒருநாளும் ஒட்டியிருந்ததில்லை. ஆகவே அங்கே இயல்பாக நடக்கிற, ஊருகிற, முளைக்கிற எதுவும் காற்றில் வந்திருக்க வேண்டும், பறவையின் காலிலோ வயிற்றிலோ வந்திருக்க வேண்டும், அல்லது கடலில் மிதந்து வந்திருக்க வேண்டும். வந்தவை தீவுக்குத் தீவு வேறு வேறாக மாறின. ஒரு தீவின் ஆமைக்கு ஓடு குவிந்திருக்கும், இன்னொன்றின் ஆமைக்குக் கழுத்துப் பக்கம் தூக்கியிருக்கும். குருவிகளின் அலகு தின்னும் உணவுக்கேற்ற மாதிரிப் பிரிந்துபோயிருக்கும். உயிர்கள் எப்படி வந்து சேர்கின்றன, எப்படி மாறுகின்றன என்பதை ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுபோலப் பார்க்கக்கூடிய இடம் உலகத்தில் அதிகம் இல்லை.

மனிதர்கள் போன தீவுகளில் அந்தப் பக்கங்கள் கிழிந்துவிட்டன. ஆடுகள் விடப்பட்டன, எலிகள் கப்பலில் வந்தன, கொய்யாவும் பிளாக்பெரி என்ற முட்பழச் செடியும் தோட்டத்தை விட்டு வெளியேறி மலையை மூடின. மேற்கே இருக்கும் இளைய தீவுகளில் ஒன்று மட்டும் ஆள் குடியேறாமல், கப்பல் எலியும் ஆடும் இல்லாமல் தப்பியிருந்தது. நான் சொல்லும் வருடத் தொடக்கத்தில் அந்தத் தீவின் மலை வெடித்து, கற்குழம்பு சரிவால் இறங்கிக் கடல்வரை ஓடியது. அது ஆறியபோது, இதற்கு முன் எந்த உயிரும் கால் வைக்காத புது நிலம் ஒன்று அங்கே கிடந்தது.

அதைப் பார்க்கப் போகவிருந்தவர் சுமதி. மதுரைப் பக்கத்தைச் சேர்ந்தவர், பூச்சியியல் ஆய்வாளர். என்னைவிட ஆறேழு வயது இளையவர், ஆனால் பதவியில் எனக்கு மேலே. என்னை அக்கா என்பார். நான் அவரை நீங்கள் என்றுதான் பேசுவேன். அவருடைய திட்டம் கேட்கச் சின்னது. அந்தப் புதுக் கல்லின் மேல் வெள்ளைத் தட்டுகளில் நீர் நிரப்பி வைப்பது, காற்று கொண்டுவந்து போடுவதை எல்லாம் எண்ணுவது. முதலில் வருவது யார்? சிலந்தியா, சில்வண்டா, விதையா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கூடிய காலம் குறுகியது. ஓரிரு வருடம் கடந்தால் முதலில் வந்தவர் யார் என்பது கலங்கிவிடும். பத்து நாள் தங்குவதற்கு அனுமதி வாங்க அவருக்கு எட்டு மாதம் பிடித்தது.

“அக்கா, எனக்கு அங்க போட்டி யாருன்னு தெரியுமா?” என்று ஒருநாள் என் மேசைக்கு வந்து கேட்டார். “நானேதான். என் சட்டையில ஒட்டிட்டு ஒரு விதை போச்சுன்னா, காத்துல வந்துச்சுன்னு எழுதி வச்சுடுவேன்.”

அதனால்தான் ஒன்பது கூடாரப் பைகள், சப்பாத்துகள், வலைகள், பெட்டிகள் எல்லாம் என் அறைக்கு வந்தன. கூடாரங்கள் புதியவை அல்ல. அந்தப் புரட்டாதியில் வடக்கே ஒரு ஏரிக்கரையில் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்த் திரும்பியவை. கழுவி, காயவைத்து, மடித்து, பைகளில் போட்டு, பூச்சிகள் சாவதற்காக உறைபெட்டியில் வைத்து எடுத்திருந்தோம். கடைசி வேலை சோதனை. ஒவ்வொரு பையையும் மேசையில் கொட்டி, துணியின் ஒவ்வொரு தையலையும் வெல்க்றோ ஒட்டுப்பட்டியையும் விளக்கின் கீழே பார்த்து, பொருட்களை எண்ணி, தாளில் சரி போட வேண்டும்.

அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று ஊரில் இருந்து வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசிக் கடைசியில், போர் நெருங்க, யாழ்ப்பாணத்துச் சனம் ஒரே இரவில் மழைக்குள் இறங்கித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அம்மாவும் அப்பாவும் அந்தக் கூட்டத்துக்குள். இரண்டு கிழமையாக ஒரு செய்தியும் இல்லை. ராணி வேலைக்குப் போகாமல் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் வேலைக்குப் போனேன். நான் அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட மனுப் போட்டிருந்தேன், அதற்கு நான் வேலையில் இருப்பதாக நிலையம் தரும் வேலைக் கடிதம் வேண்டும். வேலையில் நின்றால் அவர்களுக்காக ஏதோ செய்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

புதன்கிழமை மத்தியானம் ஏழாவது பையை முடித்துத் திருப்பிக் கட்டியிருந்தேன். சுவர் ரெலிபோன் அடித்தது. ராணி.

“அக்கா, கொழும்பிலை இருந்து எடுத்தவை. அப்பாவைச் சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்திலை கண்டதாம்.”

“அம்மா?”

“அப்பா தனியத்தான் நிண்டவராம்.”

“ஆர் கண்டது?”

“தெரியாது அக்கா. ஆரோ சொல்ல ஆரோ எடுத்தவை. கேக்க முந்தி கட்டாகிப் போச்சு.”

நான் ரெலிபோனை வைத்தேன். மேசைக்கு வந்தேன். பேனையை எடுத்தேன். தாளில் எட்டு, ஒன்பது என்று இரண்டு வரிசை மிச்சம் இருந்தன. கூடாரம், கம்பிகள், முளைகள், நிலவிரிப்பு, கயிறு: எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். இதை நான் இவ்வளவு துல்லியமாகச் சொல்வது பிறகு யோசித்துக் கண்டுபிடித்ததனால். அன்று எனக்கு எதுவும் தெரியாது. எல்லாம் பார்த்து முடித்ததாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழன் காலை பெட்டி மூடப்பட்டு, லொறியில் ஏறி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பிறம்ரனில் இருந்த ஒரு சரக்குக் கிடங்குக்குப் போய்விட்டது. வெள்ளி மாலை அது எக்குவடோருக்குப் பறக்கும். சனி காலை சுமதியும் குழுவில் மற்றவர்களும் பின்னால் போவார்கள். செவ்வாய் அன்று தீவுக்குப் போகும் படகு காத்திருக்கும்.

வெள்ளி காலை பத்து மணிக்கு உள்தபாலில் எனக்கு ஒரு பொதி வந்தது. பயிற்சி முகாம் நடத்திய ஆசிரியர் அனுப்பியது. உள்ளே மடித்த நீல நிற நிலவிரிப்பு ஒன்று, ஒரு துண்டுத் தாள். “மன்னிக்கவும், எட்டாம் எண் கூடாரத்தின் விரிப்பு என் காரின் பின்னால் கிடந்துவிட்டது” என்று எழுதியிருந்தார்.

என் சோதனைத் தாளின் பிரதியைத் தேடி எடுத்தேன். எட்டாவது பைக்கு நேரே ‘நிலவிரிப்பு’ என்ற இடத்தில் என் சரி இருந்தது. பையைத் திறந்திருந்தால் விரிப்பு இல்லை என்று கண்டிருப்பேன். நான் திறக்கவில்லை. அப்படியென்றால் ஒன்பதையும் திறக்கவில்லை. விரிப்பை மேசையில் விரித்தேன். மடிப்புக்குள் சேறு காய்ந்திருந்தது. ஓரத் தையலில் வால் முளைத்த புல் விதைகள் குத்திக்கொண்டு நின்றன, கொக்கிமுள் விதை இரண்டு பிடித்துக்கொண்டிருந்தன. காருக்குள் கிடந்த விரிப்பில் இவ்வளவு என்றால், அதோடு சேர்ந்து நின்ற கூடாரத்தில்? கழுவியதுதான். ஆனால் கழுவினால் போகாதவை என்பதற்காகத்தானே சோதனை.

இந்த இடத்தில் மனம் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் அது வரும். என் மனம் உடனே எனக்காக வாதாடத் தொடங்கியது. பை உறைபெட்டியில் இருந்தது, பூச்சி எதுவும் உயிரோடு இராது. கூடாரம் கழுவியது, விதை இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துப் புல் பூமத்திய ரேகைக் கருங்கல்லில் வளருமா? வளராது. யாருக்குத் தெரியப் போகிறது? அது நல்ல வாதம். நான் தாவரவியல் படித்தவள், என்னால் அதை இன்னும் நன்றாகக்கூடச் சொல்ல முடியும்.

ஆனால் சுமதி சொன்னது நினைவில் நின்றது. விதை அங்கே உயிரோடு இருக்கத் தேவையில்லை. தட்டில் விழுந்து கிடந்தாலே போதும், அது காற்றில் வந்ததாகப் பொய் சொல்லிவிடும். அதோடு மலைக்கு மேலே அந்தத் தீவில் ஈரமும் முகிலும் உண்டு. அங்கே எது வளராது என்று பந்தயம் கட்ட நான் யார்?

அப்போதாவது சுமதிக்கு ரெலிபோன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. இது என் இரண்டாவது பிழை, முதலாவதைவிட மோசமானது. முதலாவது தெரியாமல் செய்தது. இதைத் தெரிந்துகொண்டு செய்தேன். நானே கிடங்குக்குப் போய், பெட்டியைத் திறந்து, இரண்டு பைகளையும் பார்த்து, சுத்தமென்றால் மூடிவிட்டு வரலாம், ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை என்று நினைத்தேன். வேலைக் கடிதம் கண்ணுக்கு முன்னால் நின்றது. தலைவலி என்று சொல்லிவிட்டு, கைவிளக்கையும் விதை பிடுங்கும் சாமணத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சப்வே, அதற்குப் பிறகு இரண்டு பஸ். வழியெல்லாம் பனியும் மழையும் கலந்து கொட்டியது. இருக்கையில் இருக்க முடியவில்லை. இடம் இருந்தும் கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி நடந்தால் விரைவாகப் போகலாம் போல இருந்தது. கடைசிப் பஸ் என்னை ஒரு அகலமான வீதியில் இறக்கிவிட்டது. ஒரு கரையில் கிடங்குகள், மறு கரையில் வெறும் வயல். நடைபாதை கிடையாது. சேற்றுக்குள் நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால்.

அங்கே வெளியே அனுப்பும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் குலசிங்கம் அண்ணை. எங்கள் பெட்டிகள் பல தடவை அவர் கையால் போயிருக்கின்றன. ரெலிபோனில் குரல் பழக்கம், நேரில் கண்டதில்லை. உயரமான மனிதர், காதுக்கு மேல் பென்சில் செருகியிருந்தார்.

“அண்ணை, நான் பவானி. ஆய்வு நிலையத்திலை இருந்து. நேற்று வந்த பெட்டியிலை ஒரு சாமானை ஒருக்காப் பாக்கவேணும்.”

“உந்தப் பெட்டியோ? உது சீல் போட்டாச்சு தங்கச்சி. கடுதாசியிலை சீல் நம்பர் ஏறியிட்டுது. சீலை அறுத்தால் கடுதாசி எல்லாம் புதுசாய் எழுதவேணும். பிறகு இண்டைக்குப் பறக்காது.”

“எத்தினை மணிக்கு லொறி வருது?”

“நாலு மணிக்கு.”

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் என் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

“என்ன பிரச்சினை?”

சொன்னேன். முழுவதும் சொன்னேன், ரெலிபோன் வந்ததையும் சேர்த்து. அவர் பென்சிலை எடுத்துக் கையில் உருட்டினார்.

“எங்கடை ஆக்களும் சாவகச்சேரியிலைதான். நானும் ரெண்டு கிழமையாய் நித்திரை இல்லை” என்றார். பிறகு குரலைத் தணித்தார். “இஞ்சை பார் தங்கச்சி. பெட்டியின்ரை அடிப்பலகை ஆணிதான். சீல் மேலைதான் கிடக்கு. நான் அடியாலை ரெண்டு பலகையைக் கழட்டி விடுறன். நீ கையை விட்டு உன்ரை பையை இழுத்துப் பார். திருப்பி அடிச்சு விடுறன். ஒருத்தருக்கும் தெரியாது.”

நல்ல மனம் படைத்த மனிதர். தன் வேலையையும் பணயம் வைத்துத்தான் அதைச் சொன்னார். அவர் ஆணி பிடுங்கும் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். நான் பெட்டியின் பக்கத்தில் குந்தினேன்.

குந்தியபடி சுற்றிப் பார்த்தேன். கிடங்கின் நிலத்தில் வைக்கோல் துண்டுகள், மரத்தூள், யாருடையவோ பூச்சந்தைப் பெட்டிகளில் இருந்து கொட்டிய மண். இந்த நிலத்தில் பையைத் திறந்து, பார்த்து, மூடினால் அதுவே இன்னொரு குற்றம். அதோடு விதை இருந்தால்? அப்போது சொல்லத்தான் வேண்டும். இல்லை என்றால் மட்டும் மறைக்கலாம். அப்படியென்றால் நான் இவ்வளவு தூரம் வந்தது தீவுக்காக இல்லை, எனக்காக.

“வேண்டாம் அண்ணை” என்றேன். “உங்கடை ரெலிபோனை ஒருக்காத் தாங்கோ.”

சுமதி வீட்டில் இருந்தார், பயணப்பையை அடுக்கிக்கொண்டு.

“என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“சுமதி, நான் பிறம்ரன் கிடங்கிலை நிக்கிறன். எட்டாவது, ஒன்பதாவது பை ரெண்டையும் நான் பாக்கேல்லை.”

“என்ன சொல்றீங்க? கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

“ஓம். பாக்காமல் போட்டனான்.”

“மத்த ஏழு?” என்றார்.

“அதுகளைப் பாத்தனான்.”

“அதை நான் இப்ப எப்படிக்கா நம்புறது?”

வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் என்னை மிகவும் நோகச் செய்தது. “நம்பத் தேவையில்லை. வந்து பாருங்கோ” என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மணிக்கு ராக்சியில் வந்து இறங்கினார். என்னோடு பேசவில்லை. குலசிங்கம் அண்ணையிடம், “அறுத்துடுங்க” என்று சொல்லி, தாளில் கையெழுத்துப் போட்டார். அண்ணை சீலை அறுத்தார். அவருடைய அலுவலக மேசையைத் துடைத்து, புதிய பிளாஸ்ரிக் தாளை விரித்தோம். எட்டாவது பையைக் கொட்டினோம். கூடாரக் கதவின் ஒட்டுப்பட்டியில் நான் சாமணத்தால் பிடுங்கியவை முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு கடித உறையின் அடியை நிரப்பின. ஒன்பதாவதில் பைன் இலைகளும், செத்த சிலந்தி ஒன்றும், இன்னும் கொஞ்சம் புல் விதையும். மற்ற ஏழையும் சுமதி தானே திறந்தார். ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

இதற்கிடையே நாலு மணிக்கு லொறி வந்து எங்கள் பெட்டி இல்லாமல் போயிருந்தது.

“கூடாரம் ஒண்ணுகூட வேண்டாம்” என்றார் சுமதி. “தட்டும் வலையும் மட்டும் போகட்டும். படகுலயே படுத்துக்கறோம்.” அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. படகில் படுப்பதென்றால் அலை இறங்க விட்ட நாளில் மட்டும்தான் கரை இறங்கலாம் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த சரக்கு விமானம் செவ்வாய்க்கிழமைதான். படகு அவர்களை விட்டுவிட்டு வேறொரு குழுவோடு வேறு தீவுக்குப் போய், நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து ஏற்றியது. பத்து நாள் ஆறாகியது. அந்த ஆறிலும் இரண்டு நாள் அலை இறங்கவிடவில்லை. எட்டு மாதம் காத்து வாங்கிய அனுமதிக்குச் சுமதிக்குக் கிடைத்தது நாலு பகல்.

என்னை ஆறு கிழமை வேலையில் இருந்து நிறுத்தி வைத்தார்கள். நியாயம்தான். வேலைக் கடிதம் தரவில்லை, மனு அந்த வருடம் நகரவில்லை. வழியில் பிரிந்த அம்மா மூன்றாம் நாளே அப்பாவோடு சேர்ந்துவிட்டார் என்ற செய்தி மார்கழியில் அவர் கையெழுத்திலேயே வந்தது. நாவற்குழிப் பாலத்து நெரிசலில் பிரிந்தவர்களாம். அவர்கள் ரொறன்ரோ வந்து இறங்கியது அதற்கு மூன்று வருடம் கழித்து. அந்த மூன்று வருடத்தில் எத்தனை மாதம் என் கையெழுத்தால் போனது என்று நான் பல தடவை கணக்குப் பார்த்திருக்கிறேன். விடை வரவில்லை.

வீட்டில் இருந்த அந்த ஆறு கிழமையில் ஒரு வேலை செய்தேன். கிடங்கில் பிடுங்கியவற்றில் பதினொரு புல் விதைகளை ஒரு ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் ஈரத்தாள் போட்டு யன்னலோரம் வைத்தேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூன்றாம் கிழமை ஒன்பது முளைத்தன. மெல்லிய பச்சை ஊசிகள். ராணி தேத்தண்ணியோடு வந்து பார்த்து, “உதையோ நீ பாத்துக்கொண்டு இருக்கிறாய்?” என்றாள்.

தையில் நான் வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள் சுமதி என் அறைக்கு வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. நான் வீட்டில் இருந்து கொண்டுவந்த மூடியை மேசையில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

“இது அந்தப் பையில இருந்ததா?”

“ஓம்.”

“உறைபெட்டில பத்து நாள் இருந்துச்சே. செத்திருக்கணுமே.”

“பூச்சி சாகும். இந்த நாட்டு விதைக்குக் குளிர் வேணும் சுமதி. குளிருக்குள்ளை கிடந்து வெளியிலை வந்தால், மாரி முடிஞ்சுதெண்டு நினைச்சு முளைக்கும். நாங்கள் அதுகளை எழுப்பித்தான் அனுப்பியிருப்பம்.”

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அந்த ஒன்பது ஊசிகளையும் ஒவ்வொன்றாக எண்ணினார்.

“உங்க மேல இருக்கற கோபம் இன்னும் போகலைக்கா. பொய் சொல்ல மாட்டேன். நாலு நாள்தான் கெடைச்சுது.”

“தெரியும்.”

“நாலு நாள்ல முப்பது தட்டுல விழுந்தது கொஞ்சம்தான். நூல் விட்டுப் பறந்து வந்த குட்டிச் சிலந்தி, ரெண்டு அந்துப்பூச்சி, சில்வண்டு ஒண்ணு. ஆனா விழுந்தது அத்தனையும் அந்தத் தீவோடது. அதை நான் எந்த மேடையில வேணும்னாலும் நின்னு சொல்லுவேன். நீங்க போன் பண்ணலைன்னா, பத்து நாள் தங்கி, நூறு விஷயம் எழுதி, எதுவுமே நிஜமான்னு தெரியாம இருந்திருப்பேன்.”

அவர் எழுந்து போய்விட்டார். அன்றைக்கு மன்னிப்பு என்ற சொல் எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை.

அடுத்த வருடம் அவர் மறுபடி அந்தத் தீவுக்குப் போனார். பெட்டி மூடுவதற்கு முதல் நாள் என் அறைக்கு வந்தார். நான் தாளை நீட்டினேன். எல்லாச் சதுரத்திலும் சரி இருந்தது, இந்தத் தடவை ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்துப் போட்டது. அவர் தாளை வாங்கவில்லை.

“பாத்ததெல்லாம் இருக்கட்டும். எதைப் பாக்கலை, அதைச் சொல்லுங்க.”

ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். அவர் காத்திருந்தார். பிறகு யோசித்தேன். கமெராப் பையின் உள்துணி தைத்து மூடியது, அதற்குள் கை போகாது. தலைவிளக்கின் பட்டி இரட்டைத் துணி, நடுவில் என்ன என்று தெரியாது. இரண்டையும் சொன்னேன். சுமதி என் மேசையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து, நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து, தன் கமெராப் பையின் உள்துணியை நீளத்துக்கு வெட்டினார். உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து அதை ஊசி நூலால் தைத்துக் கொடுத்தேன். தைக்கும்போது அவர் முதல் தடவையாக அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

நீங்கள் நிரப்பும் தாளின் கடைசி நிரல், ‘பார்க்காதவை’ என்று தலைப்பிட்டது, அதன் பிறகு நான் சேர்த்தது. அது பெரும்பாலும் வெறுமையாகவே வருகிறது, எடுத்துவிடலாமா என்று உங்களில் ஒருவர் போன மாதம் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். எடுக்காதீர்கள். அந்த நிரல் வெறுமையாக இருக்கிற நாளில் பெட்டியை மூடவும் வேண்டாம். அறையை விட்டு வெளியே போய் ஒருக்கா நடந்துவிட்டு வந்து, பையைத் திரும்பத் திறவுங்கள்.